அமெரிக்காவில் ஐ.வி.எஃப். செலவுக்கு வரிக்கழிவு பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைத்தல்) போன்ற, குழந்தைக்கான சிகிச்சை எடுப்பதை நம்மில் பலர் வெளியே சொல்வதில்லை. ஊரில் அம்மாவுக்குத் தெரியாது, அலுவலகத்தில் தெரியாது, வாரம் தவறாமல் சந்திக்கும் நண்பர்களுக்கும் தெரியாது. வீட்டுக் கடன், ஆர்.எஸ்.யு. (அலுவலகம் தரும் பங்குகள்), 401(கே) (அலுவலக ஓய்வுக்காலச் சேமிப்பு) எதைப் பற்றியும் நாலு பேரிடம் விசாரிக்கும் நாம், சிகிச்சைக்குப் போன இருபதாயிரம், முப்பதாயிரம் டாலரில் வரியாக எவ்வளவு மிச்சப்படுத்தலாம் என்று யாரிடமும் கேட்பதில்லை. டேக்ஸ் ஃபைல் செய்து தருபவரும் கேட்க மாட்டார். நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

பில்லைச் சேர்த்து வைத்தால் ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். எவ்வளவு செலவானது என்பதைப் போலவே, அந்தப் பணம் எந்தக் காலண்டர் ஆண்டில் கையை விட்டுப் போனது என்பதும் கழிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே இதைப் படிப்பவர்களுக்குத்தான் முழுப் பலன். ஏற்கெனவே முடித்தவர்களுக்கும் வழி இருக்கிறது. அது கடைசிப் பகுதியில்.

இங்கே தரும் எண்கள் 2025 வரி ஆண்டுக்கானவை. அதாவது 2026 ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்யும் கணக்குக்கு உரியவை.

படி 1: நீங்கள் எந்தப் படிவம் தாக்கல் செய்கிறீர்கள்?

மருத்துவச் செலவுக் கழிவு, வரிச் சட்டப்படி ‘ரெசிடென்ட்’ ஆனவர்களுக்கு மட்டுமே. கிரீன் கார்டு இருந்தால்தான் ரெசிடென்ட் என்பதில்லை. எச்-1பி விசாவில் சில ஆண்டுகளாக இருப்பவர்கள் பெரும்பாலும், நாட்டில் தங்கிய நாட்களின் கணக்குப்படி, வரிக்கு ரெசிடென்ட் ஆகிவிடுவார்கள். எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர் முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பொதுவாக, ரெசிடென்ட் அல்லாதவர்களுக்கான ஃபார்ம் 1040-என்.ஆர். தாக்கல் செய்வார். அந்தப் படிவத்தில் மருத்துவச் செலவுக்கு இடமே இல்லை.

மனைவி எச்-4 விசாவில் இருந்து, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். வரி தாக்கலுக்கெனத் தரப்படும் ஐ.டி.ஐ.என். எண் வாங்கிக் கூட்டாகத் தாக்கல் செய்யலாம். அவருடைய சிகிச்சைச் செலவும் கணக்கில் வரும்.

படி 2: எந்தச் செலவு உள்ளே, எது வெளியே?

அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஆண்டுதோறும் வெளியிடும் பப்ளிகேஷன் 502 என்ற கையேட்டில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கெனத் தனிப் பத்தி உண்டு. உங்களுக்கோ, உங்கள் துணைக்கோ, உங்களைச் சார்ந்திருப்பவருக்கோ, குழந்தை பெற இயலாத நிலையைச் சரிசெய்யச் செய்யும் சிகிச்சை மருத்துவச் செலவாகும் என்கிறது அது. ஐ.வி.எஃப்., கருமுட்டையையும் விந்தணுவையும் தற்காலிகமாகச் சேமித்து வைத்தல், முன்பு செய்த குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையை மாற்றும் அறுவை ஆகியவை அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன.

அந்தப் பத்தியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சிகிச்சை யார் உடலில் நடந்தது? உங்கள் உடலில், துணையின் உடலில் அல்லது உங்களைச் சார்ந்திருப்பவர் உடலில் நடந்திருக்க வேண்டும். இரண்டு, எதற்காக நடந்தது? குழந்தை பெற இயலாத ஒரு நிலை இருந்திருக்க வேண்டும். பின்னால் வரும் சிக்கல்கள் அத்தனையும் இந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் கிளம்புகின்றன.

சந்தேகமில்லாமல் சேர்க்கக்கூடியவை: மருத்துவர் கட்டணம், ஹார்மோன் இரத்தப் பரிசோதனைகள், அல்ட்ராசவுண்ட், விந்தணுப் பரிசோதனை, ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கர்ப்பப்பையில் செலுத்துதல்), ஐ.வி.எஃப்., ஐ.சி.எஸ்.ஐ. (ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்துதல்), கருமுட்டை எடுக்கும்போது தரும் மயக்க மருந்து, கருவை உள்ளே வைக்கும் கட்டணம், கருவின் மரபணுப் பரிசோதனை, மருத்துவர் எழுதித் தந்த ஊசி மருந்துகள். அக்குபங்சர் பப்ளிகேஷன் 502-இல் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. மனநல ஆலோசகருக்குக் கட்டிய பணத்தையும் மறக்காதீர்கள். இரண்டு மூன்று சுற்று தோற்ற பிறகு ஆலோசனைக்குப் போகாத தம்பதிகள் குறைவு. ஆனால் அந்த பில்லைச் சேர்ப்பவர்கள் அதைவிடக் குறைவு.

கிளினிக்குக்குப் போய்வரும் பயணமும் சேரும். 2025-இல் சொந்தக் காருக்கு மைலுக்கு 21 சென்ட். பார்க்கிங்கும் டோலும் தனி. ஊசி போடும் நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் ஸ்கேனுக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த மைல்களை ஃபோனில் குறித்துக்கொண்டே வாருங்கள். கிளினிக் வெளியூரில் இருந்தால் தங்கும் செலவும் ஓரளவு சேரும்: ஒருவருக்கு ஒரு இரவுக்கு 50 டாலர்தான் உச்சவரம்பு. நோயாளி தனியாகப் போக முடியாத நிலையில் துணைக்குப் போகிறவருக்கும் இன்னொரு 50. ஓட்டலில் சாப்பிட்டது சேராது.

சேராதவை: கடையில் நாமாக வாங்கிய வைட்டமின்கள், கடனுக்கும் கிரெடிட் கார்டுக்கும் கட்டிய வட்டி, வேலைக்குப் போகாததால் இழந்த சம்பளம். சத்து மாத்திரைகளுக்கு ஒரு விலக்கு உண்டு. கண்டறியப்பட்ட குறைபாட்டுக்குச் சிகிச்சையாக மருத்துவரே பரிந்துரைத்திருந்தால் சேர்க்கலாம். பரிந்துரை எழுத்தில் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் பலர் தடுமாறுகிறார்கள். சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே பிடித்த பிரீமியத்தை மறுபடி கழிக்க முடியாது. வேலை மாறும் இடைவெளியில், பழைய அலுவலக இன்ஷூரன்ஸைத் தொடர உதவும் கோப்ரா திட்டத்துக்குக் கைப்பணத்திலிருந்து கட்டியிருந்தால் அது சேரும்.

படி 3: சிக்கலான நான்கு இடங்கள்

தானமாகப் பெற்ற கருமுட்டை. தன் கருமுட்டையால் கருத்தரிக்க முடியாத ஒரு பெண்ணுக்காக, தானம் தருபவருக்கும் ஏஜென்சிக்கும் கொடுத்த கட்டணம், தானம் தருபவரின் உடல், மனப் பரிசோதனைச் செலவு, ஒப்பந்தம் எழுதிய வக்கீல் கட்டணம் ஆகியவற்றை மருத்துவச் செலவாக 2003-இல் ஐ.ஆர்.எஸ். ஏற்றது. அது குறிப்பிட்ட ஒருவருக்கு எழுதிய கடிதத் தீர்ப்பு. சட்டப்படி அதை வேறொருவர் முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. ஆனாலும் துறை எப்படி யோசிக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம் அது. கரு கடைசியில் மனைவியின் கர்ப்பப்பையில்தான் வைக்கப்படுகிறது, குறைபாடும் மருத்துவரால் உறுதியானது என்றால், இந்தச் செலவைச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

வாடகைத்தாய். இங்கே பதில் கசப்பானது. வாடகைத்தாயைத் தேடித் தந்ததற்கான கட்டணம், அவருக்குக் கொடுத்த தொகை, அவருடைய மருத்துவச் செலவு எதையும் சேர்க்க முடியாது என்று பப்ளிகேஷன் 502 நேரடியாகவே சொல்கிறது. அவர் நீங்களும் இல்லை, உங்கள் துணையும் இல்லை, உங்களைச் சார்ந்தவரும் இல்லை. நீதிமன்றங்களும் இதே பக்கம்தான் நின்றிருக்கின்றன. உடல் குறைபாடு எதுவும் இல்லாத ஓர் ஆண், கருமுட்டை தானத்துக்கும் வாடகைத்தாய்க்கும் செலவழித்ததைக் கழிக்க முடியாது என்று மேக்டலின் வழக்கில் 2008-இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்பாலின உறவில் இருந்த ஒருவர் தொடுத்த மோரிசி வழக்கில் 2017-இல் பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்த ஒரு தம்பதிக்கு 2021-இல் எழுதிய கடிதத்தில், விந்தணு எடுப்பதற்கும் உறைய வைப்பதற்கும் ஆன செலவை மட்டும் ஐ.ஆர்.எஸ். ஏற்றது. கர்ப்பப்பை இல்லாத ஒரு பெண்ணும், பெண் துணை இல்லாத ஓர் ஆணும் படும் தவிப்பில் என்ன வித்தியாசம்? இந்தச் சட்டம் மாற வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் இன்றைய கணக்கை இன்றைய சட்டப்படிதான் போட வேண்டும். வாடகைத்தாய் வழியில் போகும் தம்பதி, மனைவியின் உடலில் கருமுட்டை எடுத்த செலவைத் தனி பில்லாகவும் வாடகைத்தாய் தொடர்பான செலவைத் தனி பில்லாகவும் கேட்டு வாங்குவது அவசியம். முதல் பகுதியைச் சேர்க்க அடிப்படை உண்டு, இரண்டாவதற்கு இல்லை.

கருமுட்டையை உறைய வைத்தல். கீமோதெரபிக்கு முன் உறைய வைப்பவருக்கு மருத்துவக் காரணம் தெளிவாக இருக்கிறது. முப்பது வயதில், திருமணம் தள்ளிப்போகிறது என்பதற்காக உறைய வைப்பவருக்கு, ‘குழந்தை பெற இயலாத நிலை’ எங்கே என்ற கேள்வி வரும். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவு குறைவு போன்ற ஏதாவது குறைபாட்டை மருத்துவர் எழுதித் தந்தால் பேசலாம். அப்படி ஒரு கடிதம் இல்லாமல் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

சேமிப்புக் கட்டணம். ‘தற்காலிகம்’ என்கிறது கையேடு. எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை. சிகிச்சை நடக்கும் ஆண்டுகளில் கட்டியதைச் சேர்ப்பது நியாயம். முதல் குழந்தைக்கு ஆறு வயதான பிறகும் இரண்டாவதைப் பற்றி முடிவெடுக்காமல் கட்டிவரும் வாடகையைச் சேர்ப்பது பலவீனமான வாதம்.

படி 4: முதலில் எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ.; அப்புறம்தான் ஷெட்யூல் ஏ

மருத்துவச் செலவுக் கழிவுக்கு ஒரு பெரிய வாசற்படி இருக்கிறது. உங்கள் ஏ.ஜி.ஐ.யில், அதாவது சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தில், 7.5 சதவீதத்தைத் தாண்டிய தொகைதான் கழியும். ஒரு காலத்தில் இது 10 சதவீதமாக இருந்தது, 7.5 சதவீதம் என்பதை 2020 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் நிரந்தரமாக்கியது. மருத்துவச் செலவுக்கென வரிக்கு முன் பணம் ஒதுக்கும் கணக்குகளான எச்.எஸ்.ஏ.வுக்கும் (உயர் டிடக்டிபிள் இன்ஷூரன்ஸ் திட்டத்தோடு வருவது) எஃப்.எஸ்.ஏ.வுக்கும் (அலுவலகம் வழி வருவது) இந்த வாசற்படியே கிடையாது. முதல் டாலரிலிருந்தே வரி மிச்சம். அதனால் அவற்றை நிரப்பிவிட்டுத்தான், கழிவுகளைப் பட்டியலிடும் படிவமான ஷெட்யூல் ஏ-க்கு வர வேண்டும்.

2025-இல் அலுவலக எஃப்.எஸ்.ஏ.வில் ஒருவர் 3,300 டாலர் வரை ஒதுக்கலாம். கணவன், மனைவி இருவரும் வேலை பார்த்தால் இருவரும் தனித்தனியாக ஒதுக்கலாம். 22 சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் சேர்த்தால், 3,300-க்குச் சுமார் 980 டாலர் மிச்சம். இதில் இன்னொரு வசதி: ஆண்டு முழுவதும் பிடிக்கப்போகும் தொகை முழுவதையும் திட்டம் தொடங்கும் முதல் நாளிலேயே எடுத்துச் செலவழிக்கலாம். ஜனவரியில் ஊசி மருந்து வாங்க வேண்டியவருக்கு இது பெரிய கை கொடுக்கும். அலுவலகச் சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் நேரத்தில் மறக்காமல் ஒதுக்குங்கள்.

எச்.எஸ்.ஏ.வில் 2025-க்கான குடும்ப வரம்பு 8,550 டாலர், 2026-க்கு 8,750. கணக்கைத் திறந்த பிறகு ஆன செலவுக்குத்தான் அதிலிருந்து எடுக்கலாம். ஆகவே உயர் டிடக்டிபிள் திட்டத்தில் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை அதிகமுள்ள திட்டத்தில்) இருப்பவர்கள் முதல் ஸ்கேனுக்கு முன்பே கணக்கைத் திறந்து கொஞ்சமாவது பணம் போட்டு வையுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: மனைவிக்குப் பொதுவான எஃப்.எஸ்.ஏ. இருந்தால் அது கணவரின் செலவையும் மூடும் என்பதால், அந்த ஆண்டு கணவர் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடத் தகுதி இழக்கிறார். இருவர் அலுவலகத் திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ., இன்ஷூரன்ஸ், அலுவலகக் கருத்தரிப்பு உதவித் திட்டம் என எங்கிருந்து வந்த பணமானாலும், அது மூடிய செலவை ஷெட்யூல் ஏ-யில் மறுபடி காட்டக் கூடாது.

படி 5: கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நியூ ஜெர்சி எடிசனில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். ஏ.ஜி.ஐ. 1,60,000 டாலர். 2025-இல் ஒரு ஐ.வி.எஃப். சுற்று. கிளினிக் கட்டணம் 18,400. மயக்க மருந்து 900. மரபணுப் பரிசோதனை 3,600. ஊசி மருந்து 5,800. உறைய வைத்துச் சேமிக்க 1,000. ஆலோசனையும் பரிசோதனைகளும் 1,090. 1,000 மைல் கார்ப் பயணம் 210. மொத்தம் 31,000. எஃப்.எஸ்.ஏ. கொடுத்தது 3,300. மீதி 27,700.

ஷெட்யூல் ஏ-யின் முதல் நான்கு வரிகள் இதற்குத்தான். முதல் வரியில் 27,700. இரண்டாவதில் ஏ.ஜி.ஐ. 1,60,000. மூன்றாவதில் அதன் 7.5 சதவீதம், 12,000. நான்காவதில் கழித்து வந்த மீதி: 15,700. மருத்துவக் கழிவு இவ்வளவுதான்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. கூட்டாகத் தாக்கல் செய்பவர்களுக்கு 2025-இல், செலவுக் கணக்கு காட்டாமலே கிடைக்கும் பொதுக் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர். உங்கள் கழிவுகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால்தான் ஐடமைஸ் செய்வதில், அதாவது கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் காட்டுவதில், லாபம். இந்தத் தம்பதிக்குச் சொந்த வீடு இருந்து, சொத்து வரியும் மாநில வருமான வரியும் சேர்த்து 16,000, வீட்டுக் கடன் வட்டி 11,000, நன்கொடை 600 என்றால், மருத்துவத்தோடு சேர்த்து 43,300 வரும். ஸ்டாண்டர்டைவிட 11,800 அதிகம். 22 சதவீத வரியில் 2,596 டாலர் மிச்சம்.

மாநில, சொத்து வரிக்கான 10,000 டாலர் உச்சவரம்பு 2025-க்கு 40,000 ஆக உயர்ந்திருப்பதால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு நன்றாக வருகிறது. முந்தைய ஆண்டுகளில் ‘நமக்கு ஐடமைஸ் ஒத்துவராது’ என்று விட்டவர்கள் இந்த முறை மறுபடி போட்டுப் பாருங்கள்.

அதே தம்பதி வாடகை வீட்டில் இருந்தால்? 15,700 மருத்துவம், 7,000 மாநில வருமான வரி, 600 நன்கொடை, மொத்தம் 23,300. ஸ்டாண்டர்டை எட்டவில்லை. மத்திய வரியில் ஒரு டாலர்கூட மிச்சமில்லை. இதைக் கேட்டு மனம் உடைந்து கோப்பை மூடிவிடாதீர்கள். அடுத்த படி உங்களுக்குத்தான்.

படி 6: மாநில வரியைத் தனியாகப் பாருங்கள்

நியூ ஜெர்சியில் வாசற்படி 2 சதவீதம்தான். அங்கே ஐடமைஸ், ஸ்டாண்டர்ட் என்ற பேச்சே இல்லை. மத்திய வரியில் ஸ்டாண்டர்ட் எடுத்தவரும் மாநிலப் படிவத்தில் மருத்துவச் செலவைக் கழிக்கலாம். மேலே சொன்ன வாடகை வீட்டுத் தம்பதியின் மாநில வருமானமும் 1,60,000 என்று வைத்தால், 2 சதவீதம் 3,200. 27,700-இலிருந்து அதைக் கழித்தால் 24,500 டாலர் கழிவு. அவர்கள் வருமானப்படியில் 5.525 சதவீதமும் அதற்கு மேலும் வரி என்பதால் 1,300 டாலருக்கு மேல் மிச்சம். எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் இந்த ஒரு வரியை நிரப்பாமல் விடுபவர்கள் நிறைய.

கலிஃபோர்னியாவில் வாசற்படி 7.5 சதவீதம்தான். ஆனால் மாநில ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் மிகக் குறைவு. கூட்டாகத் தாக்கல் செய்பவருக்கு 2024-இல் 11,080 டாலர். மத்திய வரியில் ஸ்டாண்டர்ட் எடுத்துவிட்டு மாநிலத்தில் ஐடமைஸ் செய்ய அங்கே அனுமதி உண்டு. சான் ஹோசேயில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பலன் தரும். ஒரு குறை: கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் எச்.எஸ்.ஏ.வுக்கு மாநில வரிச் சலுகை தருவதில்லை. டெக்சாஸ், வாஷிங்டன், ஃபுளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லை என்பதால் அங்கே இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

படி 7: செலவை ஒரே ஆண்டில் சேருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

7.5 சதவீத வாசற்படி ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக எழும்புகிறது. ஏ.ஜி.ஐ. 1,60,000 உள்ள தம்பதி நவம்பரில் 14,000, அடுத்த பிப்ரவரியில் 14,000 செலவழித்தால், இரண்டு ஆண்டிலும் தலா 2,000தான் வாசற்படியைத் தாண்டும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனையும் நினைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுவும் வீண். அதே 28,000 ஒரே ஆண்டில் போனால் 16,000 தாண்டுகிறது. கருமுட்டை எடுப்பதும், கரு வைப்பதும், தோற்றால் அடுத்த சுற்றும் ஒரே காலண்டர் ஆண்டுக்குள் வருமாறு மருத்துவர் அனுமதித்தால், அப்படித் திட்டமிடுங்கள். தள்ளிப்போட்டுவந்த பல் சிகிச்சை, கண்ணாடி, வேறு அறுவை எல்லாவற்றையும் அதே ஆண்டுக்குள் கொண்டுவாருங்கள். வாசற்படி ஏற்கெனவே தாண்டியிருப்பதால் அவை முழுதாகக் கழியும்.

ஆனால் வரிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். முப்பத்தெட்டு வயதில் கருமுட்டைக்கு மூன்று மாதம் பெரிய காலம். மருத்துவர் ‘இப்போதே’ என்றால் இப்போதேதான்.

எந்த ஆண்டு என்பதைச் சிகிச்சை தேதி அல்ல, பணம் கட்டிய தேதியே முடிவுசெய்கிறது. கிரெடிட் கார்டில் டிசம்பர் 30-இல் தேய்த்தால் அது இந்த ஆண்டுச் செலவு; கார்டு பில்லை அடுத்த ஆண்டு கட்டினாலும் பரவாயில்லை. கடன் வாங்கிக் கட்டினால், கிளினிக்குக்குப் பணம் போன நாள்தான் கணக்கு. கடனைத் திருப்பிக் கட்டும் நாட்கள் அல்ல.

அப்படியானால் டிசம்பரிலேயே அடுத்த ஆண்டுச் சுற்றுக்கும் சேர்த்து முன்பணம் கட்டிவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஆண்டு முடிந்து வெகுநாள் கழித்துத் தரப்போகும் சிகிச்சைக்கு இப்போது கட்டும் பணத்தை இந்த ஆண்டில் சேர்க்கப் பொதுவாக அனுமதியில்லை. மூன்று சுற்றுக்கு ஒரே விலை என்று விற்கும் பேக்கேஜ்களில் இந்தச் சிக்கல் வரும். எந்தச் சுற்றுக்கு எவ்வளவு, எப்போது நடந்தது என்று கிளினிக்கிடம் பிரித்து எழுதி வாங்குங்கள். குழந்தை பிறக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற திட்டத்தில் சேர்ந்தால் இன்னொன்றும் உண்டு: கழிவு எடுத்த பிறகு வேறொரு ஆண்டில் பணம் திரும்பி வந்தால், அந்தக் கழிவால் வரி குறைந்த அளவுக்கு அந்தத் தொகையை வருமானமாகக் காட்ட வேண்டும்.

அதே ஆண்டில் ஏ.ஜி.ஐ.யைக் குறைப்பதும் உதவும். வழக்கமான 401(கே)யில் 10,000 கூடுதலாகப் போட்டால் வாசற்படி 750 டாலர் இறங்கும். பங்குகளை விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் வேறொரு ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள்.

படி 8: தனித்தனியாகத் தாக்கல் செய்தால்?

மனைவியின் வருமானம் குறைவு, செலவு முழுவதும் அவர் கணக்கிலிருந்து போனது என்றால், தனித்தனியாகத் தாக்கல் செய்யும்போது 7.5 சதவீதம் அவருடைய வருமானத்துக்கு மட்டும் போடப்படும். வாசற்படி சட்டென்று தாழ்ந்துவிடும். இதற்கு விலை உண்டு. ஒருவர் ஐடமைஸ் செய்தால் மற்றவரும் செய்தே ஆக வேண்டும். அவருக்கு ஸ்டாண்டர்ட் கிடையாது. வேறு சில சலுகைகளும் போகும்.

நம்மவர்கள் நிறைய வாழும் கலிஃபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன், அரிசோனா ஆகியவை திருமணத்துக்குப் பின் வரும் சம்பளத்தை இருவருக்கும் பாதிப் பாதி சொந்தமாகக் கருதும் மாநிலங்கள். அங்கே தனித்தனியாகத் தாக்கல் செய்தாலும் வருமானம் சரிபாதியாகப் பிரியும் என்பதால் இந்த வழி அநேகமாகப் பலிக்காது. நியூ ஜெர்சியிலோ வட கரோலினாவிலோ இருந்தால் மென்பொருளில் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

படி 9: சென்னைக்கு வந்து சிகிச்சை எடுப்பவர்கள்

வெளிநாட்டில் எடுத்த சிகிச்சையும் மருத்துவச் செலவுதான். கட்டிய நாளின் மாற்று விகிதத்தில் ரூபாயை டாலராக்க வேண்டும். அங்கே வாங்கி அங்கேயே போட்டுக்கொண்ட ஊசி மருந்து, இரு நாட்டிலும் சட்டப்படியானதாக இருந்தால் சேரும். பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த மருந்து பொதுவாகச் சேராது.

விமான டிக்கெட்தான் எல்லோரும் கேட்பது. பயணத்தின் முதன்மைக் காரணம் சிகிச்சையாக இருக்க வேண்டும். சிகிச்சைக்கு அந்தப் பயணம் இன்றியமையாததாகவும் இருக்க வேண்டும். அக்கா மகள் கல்யாணத்துக்கும் சேர்த்துப் போய், அப்பா அம்மாவோடு ஆறு வாரம் இருந்துவிட்டு வந்த பயணத்தை அப்படிச் சொல்வது கஷ்டம். டிக்கெட்டை விட்டுவிடுவதே பத்திரம்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று: அங்கே செலவு குறைவு என்பதே கழிவுக்கு எதிரி. 3,40,000 ரூபாய் செலவு, டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 4,000 டாலர். 12,000 டாலர் வாசற்படிக்கு அது எட்டாது. ஆனால் எச்.எஸ்.ஏ.விலிருந்தோ எஃப்.எஸ்.ஏ.விலிருந்தோ அந்த 4,000-ஐ எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், நோயாளி பெயர், தேதி, சிகிச்சை விவரம், தொகை, பணம் பெற்றதற்கான முத்திரையோடு ஆங்கிலத்தில் பில் கேளுங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தரும் ‘அட்வான்ஸ் 50,000’ எதற்கும் உதவாது.

ஊரிலிருந்து பெற்றோர் பணம் தருவதாக இருந்தால், அதை அன்பளிப்பாக உங்கள் கணக்கில் வாங்கி நீங்களே கட்டுங்கள். ஓர் ஆண்டில் வெளிநாட்டு உறவினரிடமிருந்து வந்த அன்பளிப்பு 1,00,000 டாலரைத் தாண்டினால் ஃபார்ம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். வரி இல்லை, தகவல் மட்டும்தான்.

படி 10: கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

முதல் காகிதம், குறைபாட்டை உறுதிசெய்யும் மருத்துவர் கடிதம். பில்லில் நோய்க் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்: பெண்ணுக்கு என்97-இல் தொடங்கும், ஆணுக்கு என்46-இல் தொடங்கும். அடுத்து, கிளினிக்கிடமிருந்து இனவாரியாகப் பிரித்த பில். ‘ஐ.வி.எஃப். பேக்கேஜ் 18,400’ என்று ஒற்றை வரியில் தருவார்கள். பில்லிங் பிரிவில் கேட்டால், எந்த நாளில் என்ன செய்தார்கள் என்று பிரித்து அச்சிட்டுத் தருவார்கள். மருந்துக் கடையில் ஆண்டு முழுவதற்குமான பட்டியலை ஒரே தாளில் வாங்கலாம். இன்ஷூரன்ஸ் எதைக் கொடுத்தது, எதை மறுத்தது என்று சொல்லும் இ.ஓ.பி. கடிதங்கள், கார்டு ஸ்டேட்மென்ட், மைல் குறிப்பு. இவை எதையும் படிவத்தோடு அனுப்ப வேண்டாம். கேட்டால் காட்டத் தயாராக இருந்தால் போதும்.

பணத்துக்கு வேறு வழியே இல்லாமல், ஓய்வுக்காலச் சேமிப்பான ஐ.ஆர்.ஏ. கணக்கிலிருந்து எடுக்க நேர்ந்தால், ஏ.ஜி.ஐ.யின் 7.5 சதவீதத்தைத் தாண்டிய மருத்துவச் செலவு அளவுக்கு 10 சதவீத அபராதம் கிடையாது. இதற்கு ஐடமைஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வழக்கமான வருமான வரி மட்டும் உண்டு. ஓய்வுக்காலப் பணம் என்பதால் கடைசி வழியாக இது இருக்கட்டும்.

சிகிச்சை முடிந்து, கணக்கும் தாக்கல் செய்துவிட்டவர்கள் ஃபார்ம் 1040-எக்ஸ் மூலம் திருத்தலாம். தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். 2023-ஆம் ஆண்டுக் கணக்கைக் கூடுதல் அவகாசம் கேட்காமல் 2024 ஏப்ரல் 15-க்குள் கொடுத்தவருக்கு 2027 ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது. பழைய ஆண்டுக்கு அந்த ஆண்டின் எண்களையே பயன்படுத்த வேண்டும். உதாரணமாக 2024-இல் கூட்டு ஸ்டாண்டர்ட் 29,200, மாநில, சொத்து வரி உச்சவரம்பு 10,000. மத்தியப் படிவத்தைத் திருத்தினால் மாநிலப் படிவத்தையும் திருத்துங்கள். நியூ ஜெர்சிக்காரர்கள் மத்தியப் படிவத்தில் எதுவும் மாறாவிட்டாலும் மாநிலப் படிவத்தை மட்டும் தனியே திருத்திக் கேட்கலாம்.